கடன் கொப்பி

எட்டு வயதுப் பிள்ளையிடம் கடன் வசூலித்தவள் நான். கடன்பட்டவன் என் சொந்த மகன். வட்டி போடவில்லை என்பதைத் தவிர என் பக்கத்தில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பிரம்பு தொடாத ரீச்சர் என்று ஊரில் பெயர். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016 இல் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையை அனுப்பியபோது, ஆசிரியர் அறையில் முணுமுணுத்தவர்களுக்கு மறுமொழி சொன்னவள் நான்தான். பெற்றோர் கூட்டம் என்றால் எழும்பி நின்று பேசுவேன். "பிள்ளையளுக்கு வீட்டுவேலை பழக்குங்கோ. செய்த வேலைக்குச் சின்னதா ஒரு காசு குடுங்கோ. பொறுப்பு தானா வரும்" என்பேன். தாய்மார் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்கொரு சுகம் இருந்தது. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இது பொய் வாக்குமூலம் ஆகிவிடும். என் மகன் முற்றம் கூட்டாததால் முற்றத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ரீச்சரின் மகன் முற்றம் கூட்டுவதில்லை என்பது வேலிக்கு அப்பால் தெரிந்துவிடும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொப்பி தொடங்கியது 2022 இல். பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் நீண்டு கிடந்த வருடம். சம்பளம் மாதத்தின் பாதிக்குக் கூடப் போதவில்லை. முட்டை விலை ஏறியதால் வளவின் பின்பக்கம் கூடு அடித்து ஊர்க்கோழி வளர்க்கத் தொடங்கியிருந்தோம். காசின் அருமை பிள்ளைக்கும் தெரியட்டும் என்று ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். முற்றம் கூட்டினால் 20 ரூபாய். கோழிக்கூடு திறந்து தண்ணீர் வைத்தால் 10. சாப்பிட்ட கோப்பையைக் கழுவினால் 10. பாயைச் சுற்றி வைத்தால் 5. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர்ப்பக்கத்தில் சிவப்புப் பேனையால் தண்டமும் எழுதினேன். சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் 20. எதிர்த்துக் கதைத்தால் 50.

இந்தக் கணக்கில் யார் வெல்வார் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். முதல் மாதம் முடியும் முன்பே மகன் எனக்குக் கடன்காரன் ஆகிவிட்டான். மாதக் கடைசியில் அவனை முன்னால் இருத்தி, வரவு, செலவு, மீதி என்று கூட்டிக் காட்டுவேன். அவன் கொப்பியைப் பார்க்க மாட்டான். சுவரில் ஓடும் பல்லியைப் பார்ப்பான். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

வன்னியில் இருக்கும் ஒருத்திக்குக் கடன் என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. போர் முடிந்த பிறகு வீட்டு வாசலுக்கே வந்த நுண்கடன், 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க வேண்டிய அளவுக்குப் போய் நின்றது. கிழமைக் காசு கேட்டு வருகிறவனின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டால் குசினிக்குப் பின்னால் ஒளிந்த தாய்மாரை எனக்குத் தெரியும். "அம்மா இல்லை" என்று வாசலில் நின்று பொய் சொல்லப் பழகிய பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்காக மனம் நொந்தவள், என் வீட்டுக்குள் அந்த மோட்டார் சைக்கிள்காரன் ஆகியிருந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே மகன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

அவன் மறுக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சரியாகப் பார்த்திருந்தால் எனக்கு முன்பே விளங்கியிருக்கும். "முற்றத்தை ஒருக்காக் கூட்டு ராசா" என்பேன். முதலில் கேட்காதமாதிரி இருப்பான். பிறகு கால் நோகுது என்பான். பிறகு விளக்குமாறு மணக்குது என்பான். பிறகு பூனையாகி நாலு காலில் போவான். பூனைக்கு விளக்குமாறு பிடிக்கத் தெரியாதாம். நான் குரலை உயர்த்தினால், "என்ர கை இப்ப மரக்கட்டை அம்மா, அது வேலை செய்யாது" என்று கையைத் தொங்கப் போட்டுக் காட்டுவான். அதற்கும் மேலே போனால் அலறல், தலையைச் சுவரில் இடித்தல், கையில் கிடைத்ததை எறிதல். எல்லாம் அடங்கிய பிறகு, ஓடி முடித்தவனுக்கு வியர்ப்பதுபோல அவனுக்கு வியர்த்திருக்கும். நடிக்கிறான் என்றேன். நெஞ்சழுத்தம் என்றேன். சொல்வழி கேளாதவன் என்று அவன் காதுபடவே மாமியிடம் சொன்னேன்.

வேலைக்கு மட்டும் இப்படி என்றால் சோம்பல் என்று ஒதுக்கிவிடலாம். அவன் ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்த இரணைமடு வாய்க்கால் குளிப்புக்கு, "சரி, வெளிக்கிடு" என்று நான் சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் வாங்கிக் கையில் குடுத்து, "சாப்பிடு" என்றால் வாயில் வைக்க மாட்டான். சரையை பஸ் சீற்றில் வைத்துவிட்டு நான் யன்னலுக்கு வெளியே பார்த்தால், கிளிநொச்சி வருவதற்குள் கோதுதான் மிஞ்சும். தனக்கு விருப்பமானதையே, 'செய்' என்று ஒருவர் சொன்னதும் செய்ய முடியாமல் போகிற பிள்ளை. பிள்ளைகளின் நடத்தையைப் பற்றி ரெயினிங்கில் படித்தவள் நான். கண்ணுக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை.

கோழிக் கதை இதைவிட மோசம். கொப்பி வருவதற்கு முன்னால், யாரும் சொல்லாமல், விடியற்காலையில் எழும்பிக் கூடு திறந்தவன் அவன்தான். எந்தப் பேடு எங்கே இடும், எது அடை கிடக்கிறது, எந்தச் சேவல் எதைக் கொத்தும் எல்லாம் அவனுக்குப் பாடம். நான் அதை ஒரு வேலையாக எழுதி, பக்கத்தில் 10 ரூபாய் என்று விலையும் போட்டேன். அடுத்த கிழமையே அவன் கூட்டடிக்குப் போவதை நிறுத்திவிட்டான். நன்றி கெட்டவன், காசு குடுத்தும் செய்கிறானில்லை என்று அதற்கும் தண்டம் எழுதினேன்.

அவன் நிறுத்தவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பாடசாலையில் நின்று பிந்தி வருகிற நாட்களில் பின்பக்கத்தால் போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, "அம்மாட்டச் சொல்லிப் போடாதேங்கோ, கொப்பீல எழுதிப்போடுவா" என்று அம்மம்மாவைக் கெஞ்சியிருக்கிறான். பிள்ளை நல்லது செய்ததை ஒளிக்கிற வீடாக என் வீடு இருந்தது.

1973 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெற் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நிறப் பேனையால் கீறுவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சின்னப் பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு, கீறினால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி குடுக்கவும் செய்தார்கள். சில நாட்கள் கழித்து அதே பேனைகளைச் சும்மா மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் கீறினார்கள். பரிசைப் பற்றி முன்னமே சொல்லாமல் திடீரெனக் குடுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இது சாதாரணப் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்த பரிசோதனை. என் மகனிடம் நான் செய்த பரிசோதனைக்கு அரைநூற்றாண்டுக்கு முன்பே முடிவு எழுதப்பட்டிருந்தது.

இனி நான் உண்மையில் ஒப்புக்கொள்ள வந்த விடயம்.

2023 சித்திரை வருடப்பிறப்பு. எங்கள் பக்கத்தில் கைவிசேடம் என்பது யார், எவருக்கு, ஏன் என்று கேட்டுக் குடுக்கிற காசு அல்ல. நல்ல நேரம் பார்த்து, வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்து, பெரியவர் குடுப்பார், சின்னவர் கும்பிட்டு வாங்குவார். போன வருடம் குழப்படி செய்தாயா, பரீட்சையில் எத்தனை புள்ளி என்ற கேள்வி அதில் இல்லை. மாமன்மார், பெரியப்பா, அம்மம்மா எல்லாரும் குடுத்ததில் மகனிடம் 840 ரூபாய் சேர்ந்திருந்தது. பால்மா ரின்னுக்குள் போட்டுக் குலுக்கிக்கொண்டு திரிந்தான்.

அன்று பின்னேரம் கொப்பியை எடுத்து வந்தேன். அதன்படி அவன் எனக்குத் தர வேண்டியது 640 ரூபாய். கடன் வைத்திருந்தால் புது வருடம் விளங்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ரின்னைத் திறந்து எண்ணி எடுத்தேன். பக்கத்தின் அடியில் 'தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

அவன் அழவில்லை. "இனி நான் உங்களுக்குக் கடன் இல்லையோ?" என்று கேட்டான்.

"இல்லை."

"அப்ப இனி ஒண்டும் செய்யச் சொல்ல மாட்டியளோ?"

நான் மறுமொழி சொல்லவில்லை. அவன் மிச்சம் இருந்த 200 ரூபாயையும் எடுத்து என் மடியில் வைத்தான். "இதையும் எடுங்கோ. இனிச் சொல்லாதேங்கோ."

அந்த 200 ரூபாயையும் வாங்கி வைத்தேன். அதோடு விடவில்லை. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் ஆசிரியர் அறையில் இதை ஒரு பகிடியாகச் சொன்னேன். "எங்கட ஆள் லஞ்சம் குடுக்கப் பாக்கிறார்." எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர் இருந்தார்: விசேட கல்விப் பயிற்சி எடுத்த ஓர் இளம் ஆசிரியை. இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, குறை நினையாதேங்கோ, பிள்ளையை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார். குறை நினைத்தேன். ஒரு தவணை முழுக்க அவருடன் முகம் குடுத்துக் கதைக்கவில்லை.

கடைசியில் லண்டனில் இருக்கும் தங்கைதான் பிடித்துத் தள்ளினாள். அவளுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இதே மாதிரியாம்; அங்கே அதற்கு பி.டி.ஏ. (கோரிக்கைகளை அளவுமீறித் தவிர்த்தல்) என்று பெயர் சொல்கிறார்களாம். ஏ9 வீதியால் பஸ் ஏறிப் பிள்ளையை ஒரு அரச கிளினிக்குக்குக் கொண்டு போனோம். பல தடவை போய் வந்த பிறகு மருத்துவர் சொன்னது ஓட்டிசம் என்று. நன்றாகக் கதைக்கிற, கண்ணைப் பார்த்துப் பகிடி விடுகிற பிள்ளைக்கு ஓட்டிசமா என்று என் கணவர் கேட்டார். அப்படியும் இருக்கும் என்றார் மருத்துவர். இலங்கையில் புறநகர்ப் பகுதி ஒன்றில் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் இருந்ததாகப் படித்தேன். என் வகுப்பறையால் இதுவரை எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

தங்கை சொன்ன பெயரின் கதை இதுதான். இங்கிலாந்தின் நொற்றிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர், வழக்கமான ஓட்டிச வர்ணனைக்குள் அடங்காத சில பிள்ளைகளை 1980களில் கவனித்தார். அன்றாட வாழ்வின் சாதாரணக் கோரிக்கையைக் கூட, பகிடியாலும் சாட்டாலும் வேடத்தாலும், எதுவும் பலிக்காவிட்டால் வெடிப்பாலும் தவிர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்களைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2003 இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. இது தனியான ஒன்றா, ஓட்டிசத்தின் ஒரு முகமா, பதற்றத்தின் விளைவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பிலும் இந்தப் பெயர் இல்லை. எங்கள் மருத்துவரும் அதை எழுதித் தரவில்லை. எனக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. மரக்கட்டையாகிப் போன கையும் பூனை வேடமும் எங்கோ ஒரு நாட்டில் வேறு பிள்ளைகளிடமும் இருந்திருக்கின்றன என்பதே போதும். நான் திமிர் என்று வாசித்தது பயம். ஒருவர் 'செய்' என்றதும் தன் பிடி தன் கையை விட்டுப் போகிறது என்று அந்த உடம்பு பதறுகிறது. பதறுகிற உடம்புக்கு 20 ரூபாய் ஆசை காட்டுவதும் 50 ரூபாய் தண்டம் போடுவதும் ஒன்றுதான். இரண்டிலும் பதற்றம்தான் கூடும். ரொஸ் கிரீன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1998 இல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதிய நூலின் அடிப்படையும் இதுவே: செய்ய முடிந்தால் பிள்ளை செய்யும், செய்யவில்லை என்றால் எது தடுக்கிறது என்று பார்.

நான் ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தால், ரீச்சர் கர்வம் ஒரு பக்கம். மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன், சாட்டாக எடுக்கக்கூடாது.

2008 கடைசியில் நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினாறு வயது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, பிறகு கடற்கரைப் பக்கம். அந்த மாதங்களில் அப்பா ஒரே ஒரு சொல் சொல்வார்: "படு." படுக்க வேண்டும். ஏன் என்று கேட்கிற நேரத்தில் செல் விழுந்துவிடும். "பங்கருக்குள்ள இறங்கு" என்றால் கையில் இருந்த சோற்றோடு இறங்க வேண்டும். செருப்பை எடுக்கத் திரும்பிப் போன பக்கத்துத் தறப்பாள் பிள்ளையை நான் பிறகு காணவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். மெனிக்பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, மலகூடத்துக்கு வரிசை. வரிசையில் நில் என்றால் நிற்க வேண்டும். சொல் கேட்டவர்கள் உயிரோடு வந்தோம் என்று எங்கள் தலைமுறையின் எலும்புக்குள் எழுதியிருக்கிறது. உண்மையில் சொல் கேட்டவர்களும் செத்தார்கள். ஆனால் எலும்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு உளவடுவைப் பற்றி 2010 இல் எழுதியபோது, காயம் தனியாளில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது என்று காட்டினார். மகன் "மாட்டன்" என்று நிற்கும்போது எனக்குள் எழும்பியது முற்றத்துக் குப்பையைப் பற்றிய கோபம் அல்ல. இவன் ஒரு நாள் படு என்றால் படுக்க மாட்டான் என்ற பயம். மகனின் இயல்புக்குப் போர் காரணம் இல்லை. அது பிறவியோடு வந்தது. என் நடத்தைக்குப் போர் ஒரு காரணம். இரண்டு பயந்த உடம்புகள் ஒரு குசினிக்குள் நின்று ஒன்றை ஒன்று அதட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுக்குத்தான் கொப்பியும் சிவப்புப் பேனையும் இருந்தன.

என் அம்மாவும் அதே பாதையால்தான் வந்தவர். அவருக்கு மட்டும் பேரனின் இயல்பு எப்படிப் பிடிபட்டது என்று தெரியவில்லை. செல்லம் குடுத்துக் கெடுக்கிறா என்று நான் அவரைப் பேசாத நாள் இல்லை. பேசுவதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கியபோதுதான் விளங்கியது. அவர் பேரனுக்கு ஒரு வேலையும் சொல்வதில்லை. கூட்டடியில் நின்று கோழிகளிடம், "இண்டைக்கு உங்களுக்கு ஆர் தண்ணி காட்டப் போயினமோ, எனக்கெண்டால் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவார். பாதி முற்றம் கூட்டிவிட்டு, "என்ர நாரி போட்டுது" என்று விளக்குமாற்றை அவனுக்கு எட்டுகிற இடத்தில் சாய்த்துவிட்டுக் குந்தில் இருப்பார். சில நாள் அவன் வந்து மிச்சத்தைக் கூட்டுவான். சில நாள் வரமாட்டான். அப்போது மிச்சத்தை அவரே கூட்டுவார், முகம் மாறாமல்.

நானும் அதைப் பழகப் பார்த்தேன். கூட்டடிக்குப் போய்க் கோழியைப் பார்த்து, குரலை இளக்கி, "பாவம், இதுகளுக்குத் தண்ணி இல்லைப் போல" என்றேன். பின்னால் நின்ற மகன் சொன்னான்: "அம்மா, நீங்கள் கோழியோட கதைக்கேல்லை. என்னோடதான் கதைக்கிறியள்."

சரியாகத்தான் சொன்னான். அம்மம்மாவின் வாக்கியத்தை எடுத்தேன், அவருடைய மனத்தை எடுக்கவில்லை. அவருக்கு அவன் செய்தாலும் ஒன்று, செய்யாவிட்டாலும் ஒன்று. நான் செய்வானா என்று கடைக்கண்ணால் காத்துக்கொண்டு நின்றேன். அந்தக் காத்திருப்பே அவனுக்குக் கட்டளை. பெருமூச்சும் கட்டளைதான். "பரவாயில்லை, நானே கழுவுறன்" என்று கோப்பையைச் சத்தமாக வைப்பதும்.

இப்போது எப்படி என்று கேட்பீர்கள். சனிக்கிழமை காலையில் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு 100 ரூபாய். வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழப்படி செய்தாலும் குறையாது. சும்மா காசு குடுத்தால் சோம்பேறியாவான் என்று கணவர் கொஞ்ச நாள் முறுகினார். அவன் முதல் மாதக் காசு முழுவதையும் ஸ்ரிக்கருக்கும் ஐஸ்பழத்துக்கும் விட்டான், நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் வேறு சாதி. கொப்பியில் நட்சத்திரம் ஒட்டினால் துள்ளிக்கொண்டு செய்வாள். அவளுக்கு நட்சத்திரம் உண்டு. ஒரே மாதிரி நடத்துவதுதான் நியாயம் என்று இத்தனை வருடம் வகுப்பில் நம்பியிருந்தேன்.

பாடசாலை விட்டு வந்த முதல் ஒரு மணித்தியாலம் அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, "பள்ளிக்கூடம் எப்பிடி?" என்று கூட. முழுநாளும் பிறர் சொல்லுக்கு ஈடுகொடுத்துவிட்டு வருகிறவனுக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் மூச்சு. வேலைகளில் அவன் பக்கம் வந்து சேர்ந்தவை அவனே எடுத்தவை: கோழி முழுக்க அவனுடையது. முட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் விற்பதும் அவன் யோசனை. என்ன விலைக்குக் குடுக்கிறான் என்று நான் கேட்பதில்லை. பழுதான ரோச் லைற்றைக் கழற்றிப் பூட்டுவான். வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு வரும் நாளில், தகப்பனுக்கு முன்னால் மண்வெட்டியோடு போய் நிற்பான், யாரும் கூப்பிடாவிட்டால். கோப்பை கழுவுவதில்லை. பாய் சுற்றுவதில்லை. இதை வெற்றி என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் தலையாட்டுவார்களா தெரியாது. எனக்கு அவன் கட்டிலுக்கு அடியில் போவதில்லை என்பது போதும்.

எப்போதும் போவதில்லை என்று எழுதினால் பொய். போன வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெளிக்கிடும்போது வான்காரர் ஹோர்ன் அடிக்க அடிக்க எனக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "சேட்டைப் போடு, இப்பவே போடு." அவன் போனான், கட்டிலுக்கு அடியில். வானை அனுப்பிவிட்டுப் பிந்தி பஸ்ஸில் போனோம். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றான். அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கினால் அதுவும் அவனுக்குப் பாரம்.

வகுப்பில் செய்தவற்றுக்கு அந்தளவு எளிய வழி இல்லை. சொல்வழி கேளாதவன் என்று நான் அறிக்கையில் எழுதிவிட்ட ஒரு பையன் நினைவில் நிற்கிறான். எழுது என்றால் மேசைக்கு அடியில் இறங்கி நாய் மாதிரிக் குரைப்பான். தாயை அழைத்து அழைத்துக் குறை சொன்னேன். அந்தத் தாய் கடைசியில் பிள்ளையை விலக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். அவருக்கு நான் எழுத வேண்டிய கடிதத்துக்கு விலாசம் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதி அவருக்குரியது.

கைவிசேடக் காசைத் திருப்பிக் குடுத்துவிட்டேன். கொப்பியை மகனிடமே குடுத்தேன். எழுதாத தாள்களைக் கிழித்து ரொக்கெற் செய்தான், எழுதிய தாள்கள் கோழிக்கூட்டுக்கு அடியில் போயின. 840 ரூபாயையும் எண்ணிப் பார்த்தவன், "இதுக்கு நான் என்ன செய்யோணும்?" என்று கேட்டான். ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றேன். நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் காசைத் தொட்டான்.

வன்னியில் இதை வாசிக்கும் தாய் தகப்பனிடமும் என் சக ஆசிரியர்களிடமும் கேட்பது இதுதான். தனக்கு விருப்பமானதைக் கூடச் சொன்னவுடன் செய்ய முடியாமல் தவிக்கும் பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால், குழப்படி என்று முடிவு கட்டுவதற்கு முன் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று அங்கே காட்டிவிடுவார்கள். கண்டதை அப்படியே சொல்லுங்கள், பூனை வேடத்தையும் மரக்கட்டைக் கையையும் விட்டுவிடாமல். என்னைப்போல் ஒரு தவணையைக் கோபத்தில் கழிக்காதீர்கள். பிள்ளையின் கைவிசேடத்தில் கை வைத்த வேறு யாராவது இருந்தால், அடுத்த சித்திரை வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே திருப்பிக் குடுத்துவிடுங்கள்.